சுப்பர் குளூ ஒட்டிவிட்டதா? வீட்டுப் பொருட்களிலிருந்து நீக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செருப்பு வார், மூக்குக்கண்ணாடிக் காது, தூண்டில் தடியின் வளையம், சுவாமிப் படச் சட்டம் என்று திருகோணமலை வீடுகளில் எது உடைந்தாலும் முதலில் கைக்கு வருவது ஒரு சின்ன சுப்பர் குளூ டியூப்தான். அதில் கொஞ்சம் உடைந்த இடத்துக்குப் போகும். மீதி மேசையிலும் சாரத்திலும் தரையிலும் சிந்தும். சிந்தியதை எப்படி எடுப்பது என்று கேட்பவர்கள் எல்லோரும் பசையைப் பற்றியே கேட்கிறார்கள். எங்கள் பதில் ஒவ்வொன்றும் பசை எதில் ஒட்டியிருக்கிறது என்ற கேள்வியில்தான் தொடங்கும். ஏனென்றால் பசையை எடுப்பது அவ்வளவு கடினமில்லை, அடியில் இருக்கும் பொருளைக் கெடுக்காமல் எடுப்பதுதான் வேலை.

இப்போதுதான் சிந்தியது, இன்னும் ஈரமாக இருக்கிறது. துணியால் துடைக்கலாமா?

வேண்டாம். பழைய பருத்தித் துணி, பஞ்சு, ரிசு இவற்றால் ஈரப் பசையைத் துடைத்தால் இரண்டு கேடு. ஒன்று, ஒரு சொட்டாக இருந்தது கையகலத்துக்குப் பரவும். மற்றது அதைவிட மோசம்: இந்தப் பசை பருத்தியில் ஊறியவுடன் மிக வேகமாக இறுகும், இறுகும்போது வெப்பம் வெளிவிடும். கொஞ்சம் அதிகமாக ஊறினால் புகை வரும், தோல் வெந்து போகும்.

பழைய ரீலோட் அட்டை போன்ற மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை மட்டமாகச் சாய்த்து, சொட்டை ஓரத்திலிருந்து நடுவுக்கு அள்ளி எடுங்கள். மிச்சத்தைத் தொடாமல் இறுக விடுங்கள். இறுகிய பசையை எடுப்பது சுலபம். உடுத்தியிருக்கும் துணியில் நிறையக் கொட்டிவிட்டால் உடனே தண்ணீரை அள்ளி ஊற்றுங்கள். துணி தோலில் ஒட்டியிருந்தால் பிய்த்து இழுக்க வேண்டாம்.

இது ஏன் இவ்வளவு வேகமாக ஒட்டுகிறது?

இதன் பெயர் சயனோஅக்ரிலேட். 1942இல் அமெரிக்காவில் ஈஸ்ட்மன் கொடாக் நிறுவனத்தில் ஹரி கூவரும் அவருடைய குழுவும் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கையில் அகப்பட்டது. தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறதென்று அப்போது ஒதுக்கிவிட்டார்கள். 1951இல் மறுபடி எடுத்துப் பார்த்து, 1958இல் விற்பனைக்கு விட்டார்கள்.

இது மற்றப் பசைகளைப் போலக் காய்ந்து இறுகுவதில்லை. பொருளின் மேல் படிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஈரம்தான் இதை இறுக்குகிறது. கடற்காற்று வீசும் ஊரில், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில், டியூப்பைத் திறந்தவுடனேயே வேலை தொடங்கிவிடும். இறுகியபின் அது ஒரு கடினமான பிளாஸ்டிக். இழுத்தால் விடாது. ஆனால் ஒரு பக்கமாகப் பிரித்தாலும் தட்டினாலும் கண்ணாடி போல நொறுங்கும். பக்கவாட்டிலிருந்து சுரண்டச் சொல்வது இதனால்தான்.

எதில் கரையும்?

அசிட்டோனில். சரியாகச் சொன்னால், இறுகிய பசை அசிட்டோனில் முதலில் ஊதி, ஜெலி போல மெதுமையாகும், பிறகுதான் மெல்லக் கரையும். ஊதும் வரை பொறுக்காமல் தேய்ப்பவர்கள்தான் "வேலை செய்யவில்லை" என்கிறார்கள்.

நகப்பூச்சு அழிக்கும் திரவம் வாங்கினால் போத்தலைத் திருப்பி உள்ளடக்கத்தைப் படியுங்கள். அசிட்டோன் என்பது முதலாவதாக இருக்க வேண்டும். "அசிட்டோன் இல்லாதது" என்று எழுதிய போத்தல் நகத்துக்கு நல்லது, இந்த வேலைக்கு மிகவும் பலவீனமானது. எண்ணெயும் வாசனையும் சேர்த்த வகை வேலை செய்யும், ஆனால் மேலே ஒரு பிசுபிசுப்பு விட்டுப் போகும், பிறகு சவர்க்காரத் தண்ணீரால் கழுவ வேண்டும். ஒரு ரூபாய்க் குற்றி அளவு கறைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் போதும்.

அசிட்டோன் எதில் படவே கூடாது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். பசைக் கறையைவிட அசிட்டோன் கறையால் வீணான பொருட்கள் அதிகம்.

ரிமோட், சுவிட்ச் மூடி, டிவிச் சட்டம், ரேடியோ உறை ஆகியவை பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்தவை. அசிட்டோன் பட்ட இடம் கரைந்து இழுபடும், விரல் ரேகை கூடப் பதியும். பொலிஸ்டைரீன் (ரெஜிஃபோம் பெட்டியும் தெளிவான மலிவுக் கப்பும் இதுதான்) நொடியில் கரையும். பொலிகார்பனேட், அக்ரிலிக் ஆகிய தெளிவான பிளாஸ்டிக் இரண்டும் மங்கி வெடிப்பு விடும். ரெக்சின், பிவிசி மேசைவிரிப்பு முதலில் மெதுமையாகி, பிறகு சுருங்கி விறைக்கும். அசிட்டேட் துணி ஓட்டையாகும். வார்னிஷ், லக்கர், பிரெஞ்ச் பொலிஷ், ஸ்பிரே பெயின்ட் எல்லாம் பசையோடு சேர்ந்து கிளம்பிவிடும்.

கண்ணாடி, மட்பாண்டம், பீங்கான், எவர்சில்வர், பூச்சில்லாத பித்தளை, பொலித்தீன், பொலிபுரொப்பிலீன் ஆகியவை தாங்கும். எதுவென்று தெரியாவிட்டால், பொருளின் கண்படாத அடிப்பக்கத்தில் ஒரு கொட்டன் பட்ஸால் ஒரு துளி தொட்டு 1 நிமிடம் வைத்துப் பாருங்கள். நிறம் பஞ்சில் ஏறினாலோ, இடம் ஒட்டுவது போல் இருந்தாலோ அந்தப் பொருளுக்கு அசிட்டோன் ஆகாது.

தரை ரைலிலும் கண்ணாடியிலும் எப்படி எடுப்பது?

இவை இரண்டும் சுலபமானவை. ஆனால் அசிட்டோன் 56 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும் திரவம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் ஊர்ச் சூட்டுக்கு, ஊற்றிய துளி ஒரு நிமிடம் கூட நிற்காது, பசை ஊத அவகாசமே கிடைக்காது. அதனால் மூடி வைக்க வேண்டும்.

ரிசு ஒன்றை நாலாக மடித்துக் கறையின் அளவுக்கு வெட்டுங்கள். கறை இறுகிவிட்டதால் இப்போது ரிசு பாவிப்பதில் ஆபத்தில்லை. கறையின் மேல் வைத்து, சொட்டாமல் நனையும் அளவுக்கு அசிட்டோன் விடுங்கள். மேலே ஒரு பொலித்தீன் துண்டை விரித்து, அதன்மேல் ஒரு பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து வையுங்கள். 10 நிமிடம் விடுங்கள், தடித்த சொட்டென்றால் 20 நிமிடம். திறந்து பார்த்தால் தெளிவாக இருந்த பசை பால் நிறமாகி ஓரம் தூக்கியிருக்கும். அப்போது சவர பிளேட்டை ஏறத்தாழ 30 பாகை சாய்வில் பிடித்து, ஓரத்திலிருந்து தள்ளுங்கள். ஒரே இழுவையில் தோல் போல வரும். வராத இடத்தைக் கிண்ட வேண்டாம், இன்னொரு முறை மூடி வையுங்கள். கடைசியில் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தால் சரி.

இரண்டு ரைலுக்கு நடுவில் இருக்கும் சீமெந்துக் கோடு பசையை உறிஞ்சியிருக்கும். அங்கே முழுதாக வராது, மேற்பரப்பைக் கத்தி முனையால் சுரண்டி விடுவதோடு நிறுத்துங்கள்.

சிவப்புச் சீமெந்துத் தரையில் விழுந்தால்?

பழைய வீட்டு விறாந்தைகளில் அடிக்கடி நடப்பது. பொலிஷ் நன்றாக ஏறிய தரையென்றால் மெழுகுப் படலத்தின் மேல்தான் பசை உட்கார்ந்திருக்கும். பிளாஸ்டிக் அட்டையால் பக்கத்திலிருந்து தட்டினால் சில்லாக வந்துவிடும், அசிட்டோன் தேவைப்படாது. அசிட்டோன் போட்டால் பொலிஷும் போய், அந்த இடம் வட்டமாக வெளிறித் தெரியும். வேறு வழியில்லாமல் போட்டிருந்தால், நன்றாகக் காய்ந்த பின் அந்த வட்டத்துக்கு மட்டும் மெல்லியதாக இரண்டு தரம் பொலிஷ் பூசித் தேய்த்து, பிறகு முழுத் தரைக்கும் ஒரு தரம் பூசுங்கள்.

முதிரை மேசையில் ஒரு சொட்டு. மெருகு போகாமல் எடுக்க முடியுமா?

பல நேரம் முடியும், பொறுமை வேண்டும். முதலில் மெருகு எது என்று பாருங்கள். பழைய தளபாடங்களில் ஷெலாக் பொலிஷ் அல்லது லக்கர் இருக்கும். இரண்டும் அசிட்டோனைத் தாங்காது, அந்தப் போத்தலை எடுக்கவே வேண்டாம். ஹெயார் டிரையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து 1 நிமிடம் சூடு காட்டுங்கள், கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் போகக்கூடாது. பிறகு ஓரத்தில் இரண்டு துளி தேங்காய் எண்ணெய் விட்டு, பிளாஸ்டிக் அட்டையை மரத்தின் இழை போகும் திசையில் தள்ளுங்கள். எண்ணெய் பசையைக் கரைக்காது. கிளம்பிய ஓரத்துக்கு அடியில் புகுந்து அட்டை வழுக்க உதவும், அவ்வளவுதான்.

கிளம்பவில்லையென்றால் 400ஆம் இலக்க சாண்ட் பேப்பரை விரல் நுனியளவு வெட்டி, சொட்டின் மேல் மட்டும் தேய்த்துத் தாழ்த்துங்கள். மெருகுக்குக் கிட்ட வரும்போது 1000ஆம் இலக்கத்துக்கு மாறுங்கள். சொட்டைச் சுற்றி மறைப்பு நாடா ஒட்டிக்கொண்டால் பக்கத்து மெருகில் கீறல் விழாது. மெருகில்லாத பச்சை மரத்தில் பசை இழைக்குள் இறங்கியிருக்கும், அதை இழைத்துத்தான் எடுக்கலாம்.

பிளாஸ்டிக் கதிரை, வாளி?

பொருளின் அடியில் முக்கோணக் குறிக்குள் ஓர் இலக்கம் இருக்கும். 2, 4, 5 என்றால் பொலித்தீன் அல்லது பொலிபுரொப்பிலீன். இவற்றில் இந்தப் பசை சரியாக ஒட்டுவதே இல்லை, பெரும்பாலும் நகத்தாலேயே எடுக்கலாம். உடைந்த வாளியை இந்தப் பசையால் ஒட்ட முடியாமல் போவதும் அதனால்தான். 3, 6 என்றால் அசிட்டோன் வேண்டாம். 7 பலவற்றுக்கும் பொது, அதையும் தவிர்ப்பதே நல்லது. சிறிய பொருளென்றால் பிரிட்ஜின் உறைபெட்டியில் 2 மணி நேரம் வைத்து, எடுத்தவுடன் பக்கவாட்டில் தட்டுங்கள். குளிரில் பசை இன்னும் நொறுங்கும் தன்மை பெறும், பிளாஸ்டிக்கும் பசையும் ஒரே அளவில் சுருங்காததால் பிடி விடும். பெரிய கதிரைக்கு ஒரு பையில் ஐஸ்கட்டி போட்டு 15 நிமிடம் அந்த இடத்தில் கட்டி வைக்கலாம்.

சாறி, சேட், பள்ளிச் சீருடை?

பசை முழுதாக இறுகட்டும். உறைபெட்டியில் 1 மணி நேரம் வைத்து எடுத்து, துணியை இரண்டு விரல்களுக்கிடையில் பிடித்து மடித்து நொறுக்குங்கள். தடித்த பகுதி இதிலேயே உதிரும். மிச்சத்துக்கு, துணியைக் கவிழ்த்து, கறைக்கு அடியில் மடித்த வெள்ளைத் துணியை வைத்து, பின்புறத்திலிருந்து அசிட்டோன் நனைத்த பஞ்சால் ஒற்றுங்கள். தேய்த்தால் நூல் கிளம்பும். அடியில் இருக்கும் துணியை அடிக்கடி இடம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கரைந்த பசை மறுபடி ஏறும். பிறகு பச்சைத் தண்ணீரில் அலசிச் சலவைத் தூளால் துவையுங்கள். கறை முழுதாகப் போகும் முன் அயன் பிடிக்க வேண்டாம்.

வெள்ளைப் பருத்திச் சீருடை இதை நன்றாகத் தாங்கும். பொலியெஸ்டரும் தாங்கும். சாயம் தோய்த்த துணியென்றால் தையல் மடிப்புக்குள் சோதித்துப் பாருங்கள். பட்டுச் சாறியின் சரிகையில் பட்டால் வீட்டில் கைவைக்காதீர்கள். இக்காலத்துச் சரிகை பெரும்பாலும் பிளாஸ்டிக் இழையின் மேல் உலோகப் பூச்சும் அதற்கு மேல் நிறப் பூச்சும் உள்ளது, அசிட்டோன் பட்டால் பளபளப்புப் போய்விடும். உலர்சலவைக்குக் கொடுக்கும்போது இது சுப்பர் குளூக் கறை என்று சொல்லிக் கொடுங்கள்.

போன் திரையிலும் மூக்குக்கண்ணாடியிலும்?

போனில் மேலே ஒட்டும் கண்ணாடி இருந்தால் அதை மாற்றுவதுதான் மலிவான வழி. நேரடித் திரையென்றால் அசிட்டோன் விரல் அழுக்கு ஒட்டாமல் காக்கும் பூச்சை எடுத்துவிடும், ஓரத்தில் கசிந்து பிளாஸ்டிக் சட்டத்தையும் தின்னும். நகத்தால் அல்லது பிளாஸ்டிக் அட்டையால் மட்டும் முயலுங்கள்.

மூக்குக்கண்ணாடி வில்லைகள் இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், மேலே ஒளித்தெறிப்புத் தடுக்கும் பூச்சும் இருக்கும். வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து மெல்ல விரலால் உருட்டிப் பாருங்கள். வராவிட்டால் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோங்கள். வில்லையில் பிளேட் படவே கூடாது.

பூட்டுத் துளைக்குள் பசை போய்விட்டது.

திறப்பை வலிந்து நுழைக்காதீர்கள், உள்ளே முறிந்துவிடும். பூட்டைத் துளை மேலே பார்க்கும்படி பிடித்து, ஊசி கழற்றிய சிரிஞ்சால் 1 மில்லிலீற்றர் அசிட்டோன் விட்டு, துளையை நாடாவால் மூடி 15 நிமிடம் வையுங்கள். பிறகு கவிழ்த்துத் தட்டி, மெல்லிய கம்பியால் கிளறி, மறுபடி விடுங்கள். நாலைந்து தரம் செய்ய வேண்டி வரும். கதவில் பொருத்திய பூட்டென்றால் வழிந்து கதவுப் பெயின்டைக் கெடுக்கும், கீழே துணி கட்டிக்கொள்ளுங்கள்.

திறந்தவுடன் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். அசிட்டோன் உள்ளே இருந்த எண்ணெயையும் கழுவிவிட்டது. உப்புக் காற்றில், திருக்கடலூர் போலக் கடலை ஒட்டிய வீடுகளில், எண்ணெயில்லாத பூட்டு விரைவில் துருப்பிடித்து இறுகும். நன்றாக உலர்ந்த பின் பென்சில் கரியைப் பொடித்து உள்ளே ஊதுங்கள், அல்லது தையல் மெசின் எண்ணெய் இரண்டு துளி விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் கெட்டியாகிப் பிசினாகும்.

பித்தளைக் குத்துவிளக்கில் பசை இருந்தாலும் இதே எச்சரிக்கைதான். கடையில் லக்கர் பூசி விற்ற விளக்கென்றால் அசிட்டோன் பட்ட இடம் சில நாளில் கறுக்கத் தொடங்கும்.

இரண்டு துண்டுகள் கோணலாக ஒட்டிவிட்டன. பிரிக்கலாமா?

பீங்கான், கண்ணாடி என்றால் வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுடுதண்ணீர் சேர்த்து ஓர் இரவு ஊற விடுங்கள். குளிர்ந்த பீங்கானில் கொதிநீரை ஊற்றினால் புதிதாக ஒரு வெடிப்பு வரும். சாதாரண சுப்பர் குளூ 80 பாகைக்கு மேல் பலம் இழக்கத் தொடங்கும், ஈரமும் நாள்பட அதைத் தளர்த்தும். அப்போதும் விடாவிட்டால் இணைப்பைச் சுற்றி அசிட்டோன் ரிசு சுற்றிப் பொலித்தீனால் கட்டி வையுங்கள், அகலமான இணைப்புக்கு ஒரு நாள் கூட ஆகலாம், இடையில் இரண்டு மூன்று தரம் நனைக்க வேண்டும். நெருப்பில் நேரே காட்டாதீர்கள், எரியும் பசையின் புகை கண்ணையும் மூச்சையும் அறுக்கும்.

தேநீர்க் கோப்பையின் கைப்பிடியை இந்தப் பசையால் ஒட்டி மறுபடி பாவிப்பது நல்லதல்ல. தளர்வது சூட்டில்தான், அதாவது கோப்பை நிறையச் சுடுதேநீர் இருக்கும்போது.

ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளைப் புகை படிந்தது போல் இருக்கிறதே?

அது சிந்திய பசையல்ல. இறுகாத பசையின் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பொடியாகப் படிந்தது. மழைக்காலத்திலும் பசையை அதிகமாக விட்டாலும் கூடும். கண்ணாடியிலும் உலோகத்திலும் அசிட்டோனால் துடையுங்கள். பிளாஸ்டிக்கில் ஒரு துளி தேங்காய் எண்ணெயை மெல்லிய துணியில் எடுத்து உரஞ்சினால் பெரும்பாலும் மறையும். அடுத்த முறை ஒரு சொட்டோடு நிறுத்தி, ஃபேனைத் தூரத்தில் மெதுவாக ஓட விடுங்கள்.

அப்பச்சோடா தூவி ஒட்டியதை எடுக்க முடியுமா?

கடினம். அப்பச்சோடா பசையை நொடியில் கல்லாக்கும், பொடி நிறைந்த அந்தக் கல்லுக்குள் அசிட்டோன் மெதுவாகத்தான் இறங்கும். அரத்தால் அராவித் தாழ்த்துவதே வழி.

வினாகிரி, தேசிக்காய், உப்பு, பற்பசை, மண்ணெண்ணெய்?

இறுகிய பசையை இவற்றில் எதுவும் கரைக்காது. உப்பும் பற்பசையும் தேய்ப்பதால் கொஞ்சம் எடுக்கும், மெருகையும் சேர்த்து எடுக்கும். மண்ணெண்ணெய் நாற்றத்தையும் தீ ஆபத்தையும் மட்டும் தரும். தின்னரில் வேலை செய்யும் வகைகள் உண்டு, ஆனால் பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் அசிட்டோனைப் போலவே தின்னும்.

விரல் ஒட்டிவிட்டது, அல்லது கண்ணில் தெறித்துவிட்டது.

விரல்களை வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, ஒரு கரண்டிக் காம்பை இடையில் மெல்ல உருட்டிப் பிரியுங்கள். பிய்த்தால் தோல் கிழியும். காயமில்லாத பெரியவர்களின் தோலுக்குக் கொஞ்சம் அசிட்டோன் பாவித்து உடனே கழுவி எண்ணெய் பூசலாம். குழந்தைக்கு வேண்டாம். தோலில் எஞ்சிய படலம் சில நாளில் தானாக உரியும்.

கண், உதடு, வாய் இவற்றுக்குக் கிட்டே அசிட்டோன் போகவே கூடாது. கண்ணில் பட்டால் ஓடும் வெதுவெதுப்பான தண்ணீரால் 15 நிமிடம் கழுவி, இமையை வலிந்து திறக்காமல், ஈரத் துணியால் மூடித் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கோ கிட்டிய வைத்தியசாலைக்கோ உடனே போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 இலவச அம்பியூலன்ஸ் சேவையை அழையுங்கள். ஒட்டிய இமை பொதுவாக 1 முதல் 4 நாளுக்குள் தானாக விடும், ஆனாலும் கருவிழியில் கீறல் உண்டா என்று வைத்தியர் பார்க்க வேண்டும்.

அசிட்டோனை வீட்டுக்குள் பாவிப்பது ஆபத்தா?

நெருப்பு இருந்தால் மிக ஆபத்து. அசிட்டோனின் ஆவி பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 20 பாகையிலேயே தீப்பற்றும், அதாவது நம் ஊரில் எந்நேரமும். ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். கட்டிலுக்கடியில் எரியும் நுளம்புத்திரி, சாமி அறை விளக்கு, ஊதுபத்தி, காஸ் அடுப்பு எல்லாவற்றையும் அணைத்த பிறகே போத்தலைத் திறவுங்கள். யன்னலோடு கதவையும் திறந்து வையுங்கள். கையில் பருத்திக் கையுறை வேண்டாம், பொலித்தீன் பை மாட்டினால் போதும்.

டியூப் மூடியே ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்வது?

பாவித்தவுடன் டியூப்பை நேராக நிறுத்தி, அடிப்பக்கத்தை மேசையில் இரண்டு தரம் தட்டிப் பசையை உள்ளே இறக்கி, நுனியை ஒரு பொலித்தீன் துண்டால் துடைத்துவிட்டு மூடுங்கள். ஒட்டிய மூடியின் ஓரத்தில் அசிட்டோன் இரண்டு துளி விட்டு 5 நிமிடம் பொறுங்கள். மூடிய டியூப்பை மருந்துப் போத்தலில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு ஓர் இறுக்கமான போத்தலில் போட்டுப் பிரிட்ஜில் வைக்கலாம், உணவிலிருந்து தள்ளி, சிறுவர் கை எட்டாமல். எடுத்தவுடன் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வர 1 மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த டியூப்பில் ஈரம் படிந்து முழுவதும் கல்லாகும்.

மிஞ்சிய அசிட்டோனையும் நனைந்த ரிசுவையும் எங்கே போடுவது?

பேசினில் ஊற்ற வேண்டாம், பிவிசிக் குழாயின் மூட்டுகளை மெதுமையாக்கும். முற்றத்தில் ஊற்றவும் வேண்டாம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் போல மணல் நிலத்தில் ஊற்றியது தங்காமல் இறங்கிக் கிணற்றுத் தண்ணீரோடு சேரக்கூடும். சுத்தமாக எஞ்சியதை அதே போத்தலில் இறுக மூடி வையுங்கள், அடுத்த கறைக்கு உதவும். நனைந்த ரிசுவையும் துணியையும் நெருப்புக்குத் தூரமாக வெளியே கொடியில் விரித்துப் போட்டால் அரை மணி நேரத்தில் உலர்ந்துவிடும். அதன் பிறகு குப்பைப் பையில் போடலாம்.